பர்கண்டியின் முடியின் கீழ் இங்கிலாந்து: வியூக ஆட்டங்களில் நீங்கள் கண்ட விசித்திர வரலாறுகள்

#1 | வரைபடப்பித்தன்

நண்பர்களுக்கு வணக்கம்.

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 ஆட்டத்தில் எந்த நாட்டையும் நான் எடுத்துக்கொள்ளாமல், எல்லாவற்றையும் கணினியிடமே விட்டுவிட்டுப் பார்வையாளனாக ஓடவிட்டேன். வழக்கம்போல 1444 நவம்பர் 11-இல் தொடக்கம். அவ்வப்போது எட்டிப்பார்ப்பேன், பத்தாண்டுக்கு ஒருமுறை தனியாகச் சேமித்துவைப்பேன். மற்றபடி எதிலும் கைவைக்கவில்லை.

1600-இல் நிறுத்திப் பார்த்தேன். பிரான்சு பாதியாகக் குறுகிக் கிடக்கிறது. டிஜோனிலிருந்து ஹாலந்து வரை, நடுவில் இடைவெளியே இல்லாமல், பர்கண்டி. ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பால் இங்கிலாந்து, அந்தப் பர்கண்டியின் இளைய பங்காளியாக, ஒரே முடியின் கீழ் இருக்கிறது. போதாததற்கு இங்கிலாந்துக்கு வட அமெரிக்கக் கரையில் குடியேற்றங்களும் இருக்கின்றன. இங்கிலாந்தின் கம்பளி, ஃபிளாண்டர்சின் தறி, புதிய உலகின் சரக்கு என எல்லாம் ஒரே அரச குடும்பத்தின் கைக்குள்.

உண்மை வரலாற்றில் இந்தப் பர்கண்டி 1477 ஜனவரி 5-ஆம் தேதி நான்சி நகரின் வெளியே பனியில் முடிந்துபோனது. கோமகன் ஷார்ல் போரில் இறந்தார். சில நாள் கழித்துத்தான் உடலே கிடைத்தது. அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. ஒரே மகள் மேரி, ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்து மாக்சிமிலியனை மணந்தார். நிலம் பிரான்சுக்கும் ஹாப்ஸ்பர்க்குக்குமாகப் பிரிந்தது. வரைபடத்திலிருந்து ஒரு நாடே போய்விட்டது.

இதுபோல நீங்கள் கண்டவற்றைச் சொல்லுங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும்: விசித்திரமான படத்தைக் காட்டிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்று முடிச்சு முடிச்சாக அவிழ்த்துக் காட்ட முடிகிற கதைகளே எனக்கு வேண்டும். என் கதையிலேயே இரண்டு முடிச்சுகள் எனக்கு அவிழவில்லை. பிரான்சு ஏன் தோற்றது? இங்கிலாந்தின் முடி எப்படிப் பர்கண்டிக்குப் போனது?

#2 | ஏழாம்படை

முதல் முடிச்சுக்கு, அப்போது இங்கிலாந்தின் கையில் இருந்த பிரான்சின் மேன் மாகாணத்தைப் பாருங்கள்.

1444 மே மாதம் தூர் நகரில் நடந்த உடன்படிக்கையை ஒட்டி, இங்கிலாந்தின் ஆறாம் ஹென்றிக்கு ஆஞ்சூ குடும்பத்து மார்கரெட்டை மணம் பேசினார்கள். மேனைப் பிரான்சுக்கு விட்டுத்தருவதாக ஹென்றி பிறகு வாக்குக் கொடுத்தார். 1448-இல் அது கைமாறியது. அடுத்த 5 ஆண்டுகளில் நார்மண்டியும் காஸ்கனியும் போய், நூற்றாண்டுப் போர் 1453-இல் காஸ்தியோனில் முடிந்தது.

ஆட்டம் இந்த இடத்தில் ஒரு நிகழ்வை வைத்திருக்கிறது. மேனைக் கொடுப்பதா, மறுப்பதா என்று இங்கிலாந்திடம் கேட்கும். மறுத்தால் பிரான்சோடு போர். அந்தப் போரின் முடிவு பெரும்பாலும் அன்றைய கூட்டணிப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் ஆட்டத்தில் பர்கண்டி யார் பக்கம் நின்றது என்று பாருங்கள்.

#3 | கடற்காற்று

எனக்கு மறக்கவே முடியாதது க்ரூசேடர் கிங்ஸ் 3-இல் 1066-ஆம் ஆண்டுத் தொடக்கம். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஆட்டம் 1066 செப்டம்பர் 15-இல் தொடங்குகிறது. இங்கிலாந்தின் அரியணையில் ஹாரல்டு காட்வின்சன். வடக்கே நார்வே மன்னர் ஹாரல்டு ஹார்திராடா, தெற்கே நார்மண்டிக் கோமகன் வில்லியம். இருவருடைய படையெடுப்பும் தொடங்கிவிட்ட நிலையில்தான் ஆட்டம் நம் கைக்கு வருகிறது. நான் சுவீடனில் ஒரு சிறிய பிரபுவாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வில்லியம் முதலில் வந்து இறங்கிவிட்டார். காட்வின்சன் வடக்கே போகவில்லை, தெற்கே திரும்பினார். இருவரும் ஒருவரையொருவர் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஹார்திராடா யார்க்கிலிருந்து சாவகாசமாக இறங்கி வந்தார். இரண்டு ஆண்டுகளில் இங்கிலாந்து அவருடையது.

ஏன் இப்படி என்று நான் பல நாள் யோசித்தேன். விடை காற்று. உண்மையில் வில்லியமின் கப்பல்கள் சாதகமான காற்று இல்லாமல் கரையிலேயே வாரக்கணக்கில் காத்துக்கிடந்தன. அவரை எதிர்பார்த்து கோடை முழுவதும் தென்கரையில் நின்ற காட்வின்சனின் படை, உணவு தீர்ந்து செப்டம்பர் 8-இல் கலைந்தது. பிறகு ஹார்திராடா வந்தார். காட்வின்சன் வடக்கே விரைந்து செப்டம்பர் 25-இல் ஸ்டாம்ஃபர்டு பிரிட்ஜில் அவரைக் கொன்றார். மூன்றே நாளில், செப்டம்பர் 28-இல், வில்லியம் பெவன்சியில் இறங்கினார். அக்டோபர் 14-இல் ஹேஸ்டிங்ஸ் போர், வெற்றி வில்லியமுக்கு.

ஆட்டத்தில் கப்பல் ஏறக் காசு கேட்கிறார்கள், காற்று கேட்பதில்லை. அந்த ஒன்று இல்லாததால் வருகிறவர்களின் வரிசை மாறுகிறது. வரிசை மாறினால் முடிசூடுபவர் மாறுகிறார். என் ஆட்டம் காட்டிய நார்வீஜிய இங்கிலாந்து, காற்று கொஞ்சம் முன்னதாகத் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு ஒரு பதில். அது சரியான பதிலா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கேள்வி சரியானது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹார்திராடா இறந்ததும் ஆட்டத்தின் பாகப்பிரிவினைச் சட்டப்படி மூத்தவர் மாக்னஸுக்கு நார்வே, இளையவர் ஓலாஃபுக்கு இங்கிலாந்து என்று ஆனது. இந்த ஓலாஃப் உண்மையில் 1066-இல் தந்தையோடு இங்கிலாந்துக்கு வந்தவர். போர் முடிந்தபின் காட்வின்சன் அவரைக் கொல்லாமல் ஊர் திரும்ப விட்டார். ஏறத்தாழ 300 கப்பல்களில் வந்த கூட்டம் 24 கப்பல்களில் திரும்பியதாக அக்காலக் குறிப்பு சொல்கிறது. என் திரையில் அந்த ஓலாஃப் லண்டனில் முடியோடு உட்கார்ந்திருந்தார். அவர் படத்தின் மேல் சுட்டியை வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன்.

#4 | நேர்கோடு

நான் மாறுபடுகிறேன். கடற்காற்று அவர்களின் பதிவை விரும்பிப் படித்தேன், ஆனாலும் இதை வரலாறு என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இந்த ஆட்டங்களில் வருகிற விசித்திரங்களில் பெரும்பாலானவை கணினியின் குறைபாடுகள். கணினிக்குத் தன் நலன் தெரியாது. கடல்கடந்து ஒரு துண்டு நிலத்தை வாங்கிக்கொள்ளும், அதைக் காப்பாற்றத் தெரியாது. ஜெர்மனிக்கு நடுவில் போர்ச்சுகலின் ஒரு மாகாணம் முளைக்கும். மிங் சீனாவைப் பாருங்கள். ‘வானுலக ஆணை’ என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள்; அது சரிந்தால் பேரரசே சில்லுசில்லாக உடையும். நூறாண்டுச் சமூக நெருக்கடியை ஓர் எண்ணால் காட்டிவிட்டு, அந்த எண் விழுந்ததை நாம் ‘மாற்று வரலாறு’ என்று கொண்டாடுகிறோம். பகடை உருண்டதற்குக் காரணம் தேடுவதுபோல் இருக்கிறது.

#5 | வரைபடப்பித்தன்

நேர்கோடு, உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் முடிச்சுகளை அவிழ்த்துக் காட்டச் சொன்னேன். அவிழ்க்கும்போதுதான் எது விதி, எது பகடை, எது கணினியின் அசட்டுத்தனம் என்று பிரியும்.

மிங் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 1449-இல் தூமு கோட்டை அருகே ஒய்ராட் மங்கோலியர்கள் மிங் பேரரசரையே உயிரோடு பிடித்துவிட்டார்கள். ஆட்டத்தில் இப்படி நடந்தால் நாம் ‘சீனா இத்தோடு சரி’ என்போம். உண்மையில் யூ சியான் என்ற அமைச்சர் பின்வாங்க மறுத்தார், பேரரசரின் தம்பி அரியணை ஏற்றப்பட்டார், பெய்ஜிங் காக்கப்பட்டது. மிங் மேலும் இருநூறு ஆண்டுகள் இருந்தது. ஆட்டத்தில் மிங் உடையும்போது நான் தேடுவது அந்த யூ சியானை. அவரைப் போன்ற ஒருவருக்கு இந்த விதிகளில் இடம் இருக்கிறதா? பெரும்பாலும் இல்லை. அதைத் தெரிந்துகொள்வதும் எனக்கு ஒரு வரவுதான்.

#6 | தறியும்கப்பலும்

விதியைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். இது என் நெடுநாள் ஆதங்கம்.

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 வெளிவந்த 2013-இலிருந்து 2016 வரை அதில் ‘தொழில்நுட்பக் குழுக்கள்’ இருந்தன. ஐரோப்பிய நாடுகளுக்குத் தொழில்நுட்பம் மலிவு. இந்திய, சீன, ஆப்பிரிக்க நாடுகளுக்கு விலை அதிகம். ஏன்? பிறந்த இடம். எவ்வளவு நன்றாக ஆண்டாலும் அந்த விலை குறையாது. தப்பிக்க ஒரே வழி ‘மேற்குமயமாதல்’. அதற்கு ஓர் ஐரோப்பிய நாடு நம் எல்லைக்கு வந்து சேரும்வரை காத்திருந்து, பிறகு ஆண்டுக்கணக்கில் கலகங்களைத் தாங்க வேண்டும். அந்த நாட்களில் விஜயநகரத்தை எடுத்து ஆடி, 1650-இல் ஐரோப்பாவுக்குச் சமமாக நின்றால் அதை விசித்திரம் என்றார்கள். விசித்திரம் ஒன்றும் இல்லை. விடையை முன்கூட்டியே விதியில் எழுதிவைத்துவிட்டு, அதை மீறியவரைப் பார்த்து வியந்தோம்.

2016 அக்டோபரில் வந்த பதிப்பு அதை எடுத்துவிட்டு ‘நிறுவனங்கள்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. மறுமலர்ச்சி 1450, குடியேற்றம் 1500, அச்சு இயந்திரம் 1550 என்று ஒவ்வொன்றும் ஓரிடத்தில் தோன்றி அக்கம்பக்கம் பரவும். இன்னும் உங்களிடம் வந்து சேராதவரை விலை ஏறிக்கொண்டே போகும். ஏற்றுக்கொண்ட நாளில் இறங்கிவிடும். தவிர, ஒரு மாகாணத்தில் புள்ளிகளைக் கொட்டி வளர்த்தால் அது அங்கேயே வேர்பிடிக்கும்.

புதிய விதியில் நான் மறுபடியும் விஜயநகரத்தை எடுத்தேன். 1444-இல் இரண்டாம் தேவராயர் ஆட்சி. வடக்கே பாமினி சுல்தான்கள், வடகிழக்கே ஒரிசா. முதல் முப்பது ஆண்டுகள் படையெடுப்பே இல்லை. நிர்வாகப் புள்ளி, ராஜதந்திரப் புள்ளி, படைப் புள்ளி என்று மூன்றையும் ஒரே மாகாணத்தில் போட்டுக்கொண்டே இருந்தேன். ‘மறுமலர்ச்சி’ அளவு ஒவ்வொரு சொடுக்குக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. 98 விழுக்காட்டில் நிற்கும்போது புள்ளி தீர்ந்துவிட்டது. நான்கு மாதம் காத்திருந்து கடைசிச் சொடுக்கைச் சொடுக்கியபோது தொழில்நுட்பத்தின் விலை என் கண்ணெதிரே விழுந்தது. அந்த ஆட்டத்தில், உண்மையில் விஜயநகரத்தை வீழ்த்திய தலைக்கோட்டைப் போர் நடக்கவில்லை. 1565 வந்தபோது பாமினியே இல்லை, அதிலிருந்து பிரிந்த சுல்தான்களும் இல்லை.

ஆனால் அடுத்த சுவரில் முட்டினேன். வணிகம். அந்த ஆட்டத்தில் வணிகப் பாதைகளின் திசை மாறாதது. எல்லாம் கடைசியில் மூன்று முடிவிடங்களுக்குப் போய்ச் சேரும்: ஆங்கிலக் கால்வாய், ஜெனோவா, வெனிஸ். கோரமண்டல் கரையின் பணத்தை நான் அங்கேயே அள்ளிக்கொள்ளலாம், ஆனால் ஐரோப்பாவின் பணத்தைக் கோரமண்டலுக்குத் திருப்ப முடியாது. உண்மையில் அந்த நூற்றாண்டுகளில் அமெரிக்க வெள்ளி கப்பல் கப்பலாக இந்தியாவுக்கும் சீனாவுக்கும் வந்தது. துணிக்கும் பட்டுக்கும் மிளகுக்கும் ஈடாக ஐரோப்பியர்களிடம் கொடுக்க அதைவிட்டால் அதிகம் இல்லை. உலகத்திலேயே வலிமையான நாடாக இருந்தும் அந்த ஓட்டத்தை என்னால் திரையில் பார்க்க முடியவில்லை. இது எனக்கு வருத்தம். பெரிய வருத்தம்.

#7 | நேர்கோடு

தறியும்கப்பலும், இது என் பக்கத்து வாதத்தை நான் சொன்னதைவிட நன்றாகச் சொல்கிறது. ஒன்றை மட்டும் திருத்திக்கொள்கிறேன். பகடைக்குக் காரணம் தேடுவது வீண் என்றேன். பகடையைச் செய்தவர் எந்தப் பக்கத்தில் கனம் வைத்தார் என்று தேடுவது வீண் இல்லை.

#8 | உப்புக்காற்றுத்தீவு

சின்னதாக ஒன்று. பிற்பாடு ஸ்பெயினின் பகுதியான கஸ்தீல் தன் ஐரோப்பிய நிலம் அத்தனையையும் இழந்து கானரித் தீவுகளில் மட்டும் உயிர்வாழ்வதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். தலைநகரம் போனால் மிஞ்சிய மாகாணத்துக்குத் தலைநகரம் நகரும் என்பது விதி. முதல்முறை பார்த்தபோது இது நடக்கிற காரியமா என்றுதான் நினைத்தேன். பிறகு நினைவுக்கு வந்தது: 1807 நவம்பரில் நெப்போலியனின் படை லிஸ்பனை நெருங்கியபோது போர்ச்சுகலின் அரசவையே கப்பலேறி, 1808-இல் ரியோ டி ஜெனிரோவில் போய் இறங்கியது. 1821 வரை ஒரு ஐரோப்பியப் பேரரசு தென் அமெரிக்காவிலிருந்து ஆளப்பட்டது.

#9 | பழங்கணக்கு

உப்புக்காற்றுத்தீவு, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1444 தொடக்கத்தில் ரோட்ஸ் தீவில் ஒரு மாகாணத்தோடு புனித யோவான் வீரத்துறவிகள் இருப்பார்களே, அவர்களைக் கரீபியனுக்குக் கொண்டுபோவதை ஆட்டக்காரர்கள் ஒரு சாகசமாகச் செய்வார்கள். அது உண்மையிலேயே நடந்தது. 1522-இல் ஒட்டோமானியர்களிடம் ரோட்ஸை இழந்து, 1530-இல் மால்டாவுக்கு வந்து, 1651-இல் கரீபியனில் நான்கு தீவுகளை வாங்கி 1665 வரை வைத்திருந்தார்கள்.

இதே காலத்தில் பால்டிக் கரையில் போலந்துக்கு அடங்கிய சின்னஞ்சிறு கூர்லாந்துக் கோமகம் 1651-இல் காம்பியா ஆற்றிலும் 1654-இல் டொபேகோவிலும் குடியேறியது. இப்படி ஒரு நிலவரம் சேமிப்புக் கோப்பில் கிடைத்தால் ‘கணினி பிதற்றுகிறது’ என்று நாமே சொல்லியிருப்போம்.

#10 | ஏழாம்படை

இரண்டாம் உலகப் போர்க்கால ஆட்டமான ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. 1936-இல் தொடங்கும்போது ‘வரலாற்றுப்படி’ என்ற தெரிவை அணைத்துவிட்டால் ஒவ்வொரு நாடும் தன் இலக்கு மரத்தில் (அடுத்தடுத்து எடுக்கக்கூடிய முடிவுகளின் கிளைப்படத்தில்) வேறு கிளையைப் பிடிக்கும். 2018-இல் வந்த விரிவாக்கத்துக்குப் பிறகு ஜெர்மனியின் தளபதிகள் ஹிட்லரை எதிர்த்து உள்நாட்டுப் போர் தொடங்கலாம். நெதர்லாந்தின் டோர்ன் ஊரில் நாடுகடந்து வாழும் முன்னாள் பேரரசர் இரண்டாம் வில்லியமைத் திரும்ப அழைக்கலாம். அவர் உண்மையில் 1941 ஜூன் வரை அங்கே உயிரோடுதான் இருந்தார் என்பதால் கற்பனைக்கு ஒரு தரை இருக்கிறது.

என் ஆட்டத்தில் அந்த உள்நாட்டுப் போர் இழுத்துக்கொண்டே போனது. அதனால் ‘உலகப் பதற்றம்’ ஏறவே இல்லை. பதற்றம் ஏறாவிட்டால் ஜனநாயக நாடுகளின் கைகள் கட்டப்பட்டிருக்கும் என்பது ஆட்டத்தின் அடிப்படை விதி. கடைசியில் பதற்றத்தை ஏற்றியது சீனாவில் ஜப்பான். பெரும்போர் பசிபிக்கில் தொடங்கி, ஐரோப்பாவுக்கு வராமலே முடிந்தது. போலந்து முழுதாக, அதே எல்லையோடு, 1948 வரை இருந்தது.

அந்தப் போலந்தைப் பார்த்தபோது எனக்கு எழுந்த எண்ணத்தை இங்கே சொல்ல விரும்புகிறேன். இந்த ஆட்டம் யூத இனப்படுகொலையைக் காட்டுவதில்லை. தெரிந்தே விட்டிருக்கிறார்கள். அதை விளையாட்டுப் பொருளாக்கக் கூடாது என்ற முடிவை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் விளைவாக நாஜி ஜெர்மனி வெல்லும் வரைபடமும் மற்ற எந்த வரைபடத்தையும்போல வெறும் நிறமாகத் திரையில் நிற்கிறது. ஏறத்தாழ 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதற்கு அந்த நிறத்தில் அடையாளமே இல்லை. அதனால் அந்தப் பக்கம் வென்ற ஆட்டங்களின் படங்களை ‘விசித்திரம்’ என்று நான் பகிர்வதில்லை, பகிர்பவர்களோடு பேச்சும் வைத்துக்கொள்வதில்லை. இந்த இழையில் யாரும் அப்படிச் செய்யவில்லை என்பதில் மகிழ்ச்சி.

#11 | தறியும்கப்பலும்

ஏழாம்படை, முழுக்க உடன்படுகிறேன்.

#12 | கடற்காற்று

2012-இல் க்ரூசேடர் கிங்ஸ் 2-க்கு வந்த ஒரு விரிவாக்கத்தில் ஆஸ்டெக் படை கடல்கடந்து ஐரோப்பாவின் மேல் இறங்கும். அதைப் பற்றி அப்போதே பெரிய சண்டை நடந்தது. அதை ஆடி மகிழ்ந்தவர்களோடு எனக்குப் பிணக்கில்லை, ஆனால் வரைபடப்பித்தன் கேட்கிற கணக்கில் அது சேராது. எழுதியவர் வரச்சொன்னார், அதனால் வருகிறார்கள்; அவிழ்க்க முடிச்சே இல்லை. ஹார்திராடாவை யாரும் வெல்லச் சொல்லவில்லை.

வரைபடப்பித்தன், உங்கள் சேமிப்புக் கோப்பு சுருக்கப்படாததாக இருந்தால் அதைச் சாதாரண எழுத்துக் கோப்பாகவே திறக்கலாம். ஒவ்வொரு நாட்டின் கீழும் ‘வரலாறு’ பகுதியில் மன்னர்கள், வாரிசுகள், தேதிகள் எல்லாம் வரிசையாக இருக்கும். இங்கிலாந்தைத் தேடிப் பாருங்கள். முடி கைமாறியிருந்தால் எங்கோ ஒரு வாரிசு காணாமற்போயிருக்க வேண்டும்.

#13 | வரைபடப்பித்தன்

திறந்தேன். நேற்றிரவு முழுவதும் அந்தக் கோப்போடுதான் இருந்தேன்.

முதல் முடிச்சு ஏழாம்படை சொன்னபடியே. இங்கிலாந்து மேனைத் தர மறுத்திருக்கிறது. போர் வந்தபோது பர்கண்டியும் கஸ்தீலும் இங்கிலாந்தின் பக்கம். உண்மையில் பர்கண்டி 1435-இலேயே ஆராஸ் உடன்படிக்கையில் ஆங்கிலேயரைக் கைவிட்டு பிரான்சோடு சமாதானமாகிவிட்டது. ஆட்டத்தில் அந்தச் சமாதானம் நிலைக்கவில்லை. 1451-இல் பிரான்சு பணிந்தது. 1460-களின் தொடக்கத்தில் இரண்டாவது போர், மறுபடியும் அதே மூவர். பிரான்சு அதற்குப் பிறகு எழவே இல்லை.

இரண்டாவது முடிச்சு இது. ஆறாம் ஹென்றிக்கு 1449-இல் ஒரு வாரிசு பிறந்திருக்கிறார். 1466-இல் அந்த வாரிசைப் பற்றிய பதிவு நின்றுவிடுகிறது. அதன்பின் புதிய வாரிசு இல்லை. 1473-இல் மன்னர் இறக்கிறார். வாரிசு இல்லாத நாட்டில் உள்நாட்டுப் பிரபு ஒருவர் முடிசூடலாம், மண உறவுள்ள நாட்டின் வம்சத்தார் ஏறலாம், அல்லது அந்த நாட்டோடு ஒரே முடியின் கீழ் இணையலாம். இங்கிலாந்துக்குப் பர்கண்டியோடு மண உறவு இருந்தது. மூன்றாவது நடந்துவிட்டது.

அந்தப் பையன் எப்படி இறந்தான் என்று கோப்பில் இல்லை. தேதி மட்டும்தான். 17 வயது.

#14 | பழங்கணக்கு

வரைபடப்பித்தன் அவர்களுக்கு, அந்த வயது வாரிசுகளை ஆட்டத்தில் கொண்டுபோகிற நிகழ்வுகளில் ‘வேட்டையில் விபத்து’ பேர்போனது. நீண்ட நாள் ஆடியவர்கள் எல்லோரும் ஒரு வாரிசையாவது அதற்குப் பறிகொடுத்திருப்பார்கள். அதுவாக இருக்கலாம்.

இதைப் படித்ததும் எனக்குக் கைகால் ஓடவில்லை. காரணம் சொல்கிறேன். நீங்கள் முதல் பதிவில் சொன்ன பர்கண்டியின் மேரி எப்படி இறந்தார் தெரியுமா? 1482 மார்ச்சில் வல்லூறு வேட்டைக்குப் போனபோது குதிரையிலிருந்து விழுந்தார். சில நாட்களில் புரூஜ் நகரில் உயிர் பிரிந்தது. 25 வயது. பிள்ளைகள் இருவர், பிலிப்பும் மார்கரெட்டும். பிலிப்புக்கு அப்போது மூன்றே வயது.

அந்தப் பிலிப்பின் கதையைத் தொடர்ந்து போனால் நம் இழையில் யாரும் சொல்லாத விசித்திரம் அங்கே இருக்கிறது. 1496-இல் அவர் கஸ்தீலின் ஹுவானாவை மணக்கிறார். ஹுவானா அரியணைக்கு அருகிலேயே இல்லை. அவருக்கு முன் ஓர் அண்ணன், ஓர் அக்கா. அண்ணன் ஹுவான், ஒரே ஆண்வாரிசு, மணமாகிச் சில மாதங்களில் 1497-இல் இறக்கிறார். அவருக்குப் பிறந்த குழந்தையும் உயிரோடு இல்லை. அடுத்து அக்கா இசபெல், போர்ச்சுகலின் அரசி. 1498-இல் பிரசவத்தில் இறக்கிறார். அவர் பெற்ற மிகேல் என்ற ஆண்குழந்தை போர்ச்சுகல், கஸ்தீல், அரகோன் மூன்றுக்கும் வாரிசு. ஐபீரியா முழுவதும் ஒரே தொட்டிலில் கிடந்தது. 1500 ஜூலையில், இரண்டு வயது நிறையும் முன், அந்தக் குழந்தையும் போய்விட்டது.

அதே 1500-இல், பிப்ரவரி மாதம், கெண்ட் நகரில் ஹுவானாவுக்குப் பிறந்த பிள்ளைதான் பிற்பாடு ஐந்தாம் சார்லஸ். ஸ்பெயின், நேப்பிள்ஸ், நெதர்லாந்து, ஆஸ்திரியா, புதிய உலகம் எல்லாம் அவர் கைக்கு வந்தன. 1519-இல் புனித ரோமப் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மிகேல் பிழைத்திருந்தால் சார்லஸ் நெதர்லாந்தையும் ஆஸ்திரியாவையும் ஆண்ட ஒரு பெரிய பிரபு, அவ்வளவே.

இன்னொரு கண்ணி உங்கள் வரைபடத்துக்கு. பர்கண்டியின் ஷார்ல் 1468-இல் மூன்றாவதாக மணந்தவர் யார்க் குடும்பத்து மார்கரெட், இங்கிலாந்து மன்னர் நான்காம் எட்வர்டின் சகோதரி. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஒரு பிள்ளை இருந்திருந்தால் பர்கண்டியும் இங்கிலாந்தும் அவ்வளவு தூரத்தில் இருந்திருக்காது.

#15 | நேர்கோடு

வரைபடப்பித்தன், ஒரு வேலை செய்யுங்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை சேமித்தேன் என்றீர்களே. இளவரசர் உயிரோடு இருக்கும் சேமிப்பிலிருந்து மறுபடி ஓடவிடுங்கள். ஒருமுறை போதாது, பலமுறை. எல்லாவற்றிலும் திரும்ப வருவது எது, ஒன்றில் மட்டும் வந்தது எது என்று தெரிந்தால் என் பகடைக்கும் பதில் கிடைத்துவிடும்.

#16 | வரைபடப்பித்தன்

செய்துவிட்டேன். 1464 சேமிப்பிலிருந்து 10 முறை, ஒவ்வொன்றும் 1520 வரை. நான்கு நாள் ஆனது.

பத்திலும் பிரான்சு எழவில்லை. பத்திலும் பர்கண்டி நின்றது. இரண்டில் லொரேனைக்கூட எடுத்துக்கொண்டது. நான்சி நகரம் லொரேனில்தான் இருக்கிறது. எந்தச் சுவரின் கீழ் ஷார்ல் இறந்தாரோ அந்த ஊர், எதிர்ப்பே இல்லாமல், பர்கண்டியின் ஒரு சாதாரண மாகாணமாக இருந்தது. அதன் பெயரைப் பார்த்ததும் ஆட்டத்தை நிறுத்திவிட்டேன். மீண்டும் ஓடவிடக் கொஞ்ச நேரம் ஆனது.

ஆக, 1464-க்குள் பர்கண்டியின் பிழைப்பு உறுதியாகிவிட்டது. மேனை மறுத்த ஒரு சொல்லும் அந்தக் கூட்டணியும் அதைச் செய்துவிட்டன.

இங்கிலாந்து வேறு கதை. 9 ஆட்டங்களில் இளவரசர் பிழைத்து முடிசூடினார். ஒன்றில் 1469-இல் இறந்தார்; அதிலும் முடி பர்கண்டிக்குப் போகவில்லை, உள்நாட்டுக் குடும்பம் ஒன்று எடுத்துக்கொண்டது. ஒரே முடியின் கீழ் பர்கண்டியும் இங்கிலாந்தும் பத்தில் ஒன்றில்கூட இல்லை. நான் 1600-இல் பார்த்த உலகம் அந்த ஒரு ஓட்டத்தில் மட்டும் இருந்தது.

சேமிப்புக் கோப்பை இணைத்திருக்கிறேன். எடுத்து ஓடவிட்டு, உங்களுக்கு என்ன வருகிறது என்று இங்கே எழுதுங்கள். 1464 ஜனவரி. ஆறாம் ஹென்றி ஆட்சியில் இருக்கிறார். இளவரசருக்குப் பதினைந்தாவது வயது நடக்கிறது.